பேக்கிங்

பேச்சியம்மாள் பின்வாசல் படியில், மடியில் சின்ன வெங்காயத்தோடு. மெக்கானிக் தவசி கவிழ்த்த வாளியின் மேல். அவள் புருஷன் தரையில் விரித்த சாக்கில், சம்மணமிட்டு.

நடுவில் வண்டி.

அதன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. அவன் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது கூடவே வந்த வண்டி அது. அவளுடைய முதல் புருஷன் செல்லத்துரை ஓட்டியது. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகும், ரெக்சினில் அவன் உட்கார்ந்த பள்ளம் போகவில்லை.

தவசி எழுந்து உதைத்துப் பார்த்தான். வண்டி இருமிவிட்டு நின்றது. மறுபடி வாளியில் உட்கார்ந்தான்.

"இன்ஜின் இறக்கணும் சார். ரிங் தேஞ்சு போச்சு. என்கிட்ட விடுதியளா, இல்ல அப்படியே தூத்துக்குடிக்கு ஏத்தி விடுதியளா?"

தூத்துக்குடியில் செல்லத்துரையின் அண்ணன் இருந்தார். போன வாரம் கடிதம் போட்டிருந்தார். தம்பி நினைவாக எங்களிடம் ஒரு பொருளும் இல்லை. ஓடாத வண்டிதானே, கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிடலாம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். கடிதத்தைப் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினான்.

அன்று சாயங்காலம் வண்டியைத் துடைத்தாள். கண்ணாடியைக்கூட.

"அண்ணாச்சி இருந்த வரைக்கும் ஒருத்தரையும் தொட விடமாட்டாரு," என்றான் தவசி. "அவரே பிரிப்பாரு, அவரே மாட்டுவாரு. மதினிதான் பல்பு பிடிப்பாவ. என்ன மதினி?"

வெங்காயத்தைப் பார்த்தபடியே அவள் சிரித்தாள்.

அவள் இன்னும் மதினி. செத்தவன் அண்ணாச்சி.

அவன் சார்.

"நானே பிரிக்கேன்," என்றான்.

"நீங்களா?" வாளி குலுங்கியது. "சார், இது பேனாவுக்கு மை ஊத்துத சோலி இல்ல."

"நீ பக்கத்துல இருந்து சொல்லு. போதும்."

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தான். எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதினான். தவசி வாயைப் பொத்திக்கொண்டான்.

பக்க மூடி மட்டும் வரவில்லை. கட்டையால் தட்டினான். இன்னும் கொஞ்சம் தட்டினான். பொக்கென்று கையோடு வந்தது.

மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில், எண்ணெய் ஒழுகாமலிருக்க வைக்கும் அட்டை வளையம். பேக்கிங். பிளேடால் நெம்பி, கிழியாமல் உரித்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

மஞ்சள் அட்டை. சிவப்பு எழுத்து.

மேல் வளைவில் செல்லத்துரை. கீழ் வளைவில் பேச்சியம்மாள்.

நடுவில் இருந்த ஓட்டை வழியாக அவள் தெரிந்தாள்.

"மிச்சம் கிடந்த பத்திரிகையில வெட்டினது," என்றாள். "ஒரு கட்டு மிஞ்சிப்போச்சுல்லா." தேங்காய் மிஞ்சியதைச் சொல்வதுபோல.

"கல்யாணப் பத்திரிகைதான் சார் இதுக்குத் தோது. நல்ல கனம்." தவசி கையை நீட்டினான். "உங்க பத்திரிகை ஒண்ணு எடுத்துட்டு வாங்க, வெட்டிருவோம்."

வெங்காயம் உரித்த கை நின்றது.

அவர்கள் கல்யாணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. பத்திரிகை அடிக்கவில்லை. ரெண்டாங்கல்யாணத்துக்கு எதுக்கு என்று சொன்னது அவன்தான்.

"கடையில ஷீட் கிடைக்கும்லா," என்றான்.

கிடைத்தது. ஓர் எழுத்தும் இல்லாத பழுப்புத் தாள்.

அதன் மேல் பழைய வளையத்தை வைத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. அளவு வேறு எங்கும் இல்லை. செல்லத்துரை வெட்டிய ஓரத்தை ஒட்டியே பென்சில் போனது.

புது பிஸ்டன். புது ரிங். அடுத்த ஞாயிறு உதைத்தான். மறுபடி உதைத்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிய பிறகு, பிடித்துக்கொண்டது.

தவசி தரையில் படுத்து அடியில் பார்த்தான். விரலால் தடவினான்.

"சொட்டுகூட ஒழுகல! அவரு மாட்டுனது ஒழுகிக்கிட்டேதான் இருக்கும். நின்ன இடமெல்லாம் வட்டம் வட்டமாக் கெடக்கும்." எழுந்து கையைத் துடைத்தான். "பரவால்லியே அண்ணாச்சி!"

வந்துவிட்டது அந்தச் சொல்.

அவன் படியைத் திரும்பிப் பார்த்தான்.

பேச்சியம்மாள் வண்டிக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஒழுகாத தரையை.

மேசைக்குப் போனான். அன்புள்ள என்று தொடங்குவதா, மதிப்பிற்குரிய என்பதா. மதிப்பிற்குரிய என்றே தொடங்கினான்.

வண்டி ஓடுகிறது. ஆகையால் இங்கேயே இருக்கும். தங்கள் தம்பியின் நினைவாக, அவர் கையால் செய்த பொருள் ஒன்றை இத்துடன் வைத்துள்ளேன்.

கத்தரிக்கோலை எடுத்து, பழைய வளையத்தை இரண்டாக வெட்டினான்.

செல்லத்துரை கவருக்குள் போனான். பேச்சியம்மாள் அவன் சட்டைப் பையில்.

கவரை அவளே ஒட்டினாள், சோற்றுப் பருக்கையை நசுக்கி. ஓரத்தை அழுத்தித் தேய்த்தவள் நிறுத்தினாள்.

"கவர்ல எண்ணெய் ஊறுதே."

"என் கை பட்டிருக்கும்."

அவன் கையைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கை.



தபால் பெட்டிக்கு வண்டியிலேயே போனார்கள். அந்தப் பள்ளத்தில் அவன் உட்கார்ந்தான். அது அவனுக்குப் பெரிதாக இருந்தது. அவள் பழகிய எட்டில் பின்னால் ஏறினாள்.

இறங்காமலே எட்டி, கவரைப் பெட்டிக்குள் போட்டாள். விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பும்போது அவளுடைய ஒரு கை அவன் தோளில் இருந்தது.

இன்னொரு கையின் எண்ணெய் பட்ட விரல்களை மூக்கருகே வைத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

அவள் துடைத்துவைத்த கண்ணாடி. அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.