ஒரு வார ஓட்டம்

"நடக்கத்தானே சொன்னேன். யாரு உங்கள ஓடச் சொன்னது?"

டாக்டர் உமா மகேஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தங்கசாமியின் கையில் அவர் கட்டிவிட்ட வாட்ச் ஒரு வாரமாகப் பதிந்த நடையும் நெஞ்சுத்துடிப்பும் திரையில் இருந்தன.

தங்கசாமி சட்டைக் கையை வாட்ச்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இவுகளா ஓடுனாக?" பக்கத்தில் இருந்த மனைவி ஆனந்தவள்ளி சிரித்தாள். "தண்ணி மோந்து குடிக்கக்கூட என்னையத்தான் கூப்பிடுவாக டாக்டரம்மா."

"விடியக்காலம் மக கூட இலஞ்சி கிரவுண்டுக்குப் போறம்லா," என்றார் தங்கசாமி.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் அண்ணன் ஐந்தருவி ரோட்டில் வாக்கிங் போனவர், நடந்தபடியே விழுந்தார். எழவில்லை. அதிலிருந்து தங்கசாமிக்குத் தெருமுனைவரை நடக்கவும் பயம். அண்ணன் போனதைச் சொன்னவர், டாக்டரிடம் இந்தப் பயத்தை மட்டும் சொல்லவில்லை.

"வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம். மூச்சு வாங்கணும், ஆனா பேச முடியணும். அந்த வேகம் போதும்னேன். நேரம் சரியா இருக்கு. வேகம்தான் ரொம்ப அதிகம். இப்படி ஓடினா பேச்சே வந்திருக்காது."

"இனிமே குறைச்சிக்கிடுதேன்."

"அது இல்ல அண்ணாச்சி." டாக்டரின் குரல் இறங்கியது. திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இப்ப எடுத்த ஈசிஜி சரியாத்தான் இருக்கு. ஓடும்போது பாருங்க, துடிப்பு தாளம் தப்புது. ஒவ்வொரு நாளும். மயக்கம் வந்துச்சா?"

தங்கசாமி திரையையே பார்த்தார்.

"வியாழக்கிழமை கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெறும் வயிறுன்னு நெனச்சோம்."

"உங்க அண்ணனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். இது குடும்பத்துல வரும். இனி ஒரு தடவை ஓடினாலும் உயிருக்கு ஆபத்து."

ஆனந்தவள்ளி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"மக ஜெயசித்ராவும் இங்கன இல்லியே. போலீஸ் செலக்‌ஷன் ஓட்டம்னு முதல் பஸ்ஸுக்கே திருநெல்வேலி போயிட்டா. போனக்கூட கேட்லயே வாங்கி வச்சிருவாகளாம்."

தங்கசாமி வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது என் நெஞ்சு இல்ல டாக்டரம்மா. ஒரு வாரமா வாட்ச் எம்மக கையிலதான் கெடந்துது. காலையில அவ பஸ் ஏறும்போதுதான் கழத்தி நான் கட்டினேன்."

பத்து மணிக்கு ஓட்டம் என்று சொல்லியிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.