பேசக் கூடாத தீவு

"மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் தடையா?"

அம்மா கேட்டதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. அப்பா அம்மாவோட நாற்பதாவது கல்யாண நாளுக்கு எங்க போகலாம்னு வீடே கூடி உட்கார்ந்திருக்கோம். என் தம்பி பொண்டாட்டி தேடிப் பிடிச்ச இடம் ஒரு தீவு. கரைக்குக் காவல் மாதிரி கடலுக்குள்ள நீளமாப் படுத்திருக்கிற மணல் திட்டு. பறவைங்க அடைகாக்கிற இடமாம். படகை விட்டு இறங்கினா, திரும்ப ஏறுற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். எல்லாம் கை ஜாடைதானாம்.

எங்க வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நான் கணக்கு டீச்சர். தம்பி ஏலம் விடுறவன், அவன் கூவினா அடுத்த தெருவுலயும் விலை ஏறும். அம்மா வேலைக்குன்னு எங்கயும் போனதில்ல, ஆனா பேச்சுல எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க. இந்தக் குடும்பத்துக்கு வாழ வந்தவ இப்படி ஒரு இடத்தைத் தேடிப் பிடிச்சான்னா என்ன அர்த்தம்?

"எங்களைத்தான் சொல்லாம சொல்றியாம்மா?" கேட்டே விட்டேன்.

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி. இடம் அழகா இருக்கும்."

அவ்வளவுதான். காபி கப்புகளை எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டா. சரியான அழுத்தக்காரி.

"எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள்லேர்ந்து எதுக்கும் முந்திக்கிட்டு அபிப்பிராயம் சொல்லாத மனுஷன். நான் பாத்த பார்வையில மறுபடியும் பேப்பருக்குள்ள போயிட்டார்.

"முதல்ல அப்பா வர்றாரான்னு பாருங்க," என்றான் தம்பி. "அவர் வரலன்னா யாருக்குக் கல்யாண நாள்?"

அதுதான் எங்க கவலையே. ஒரு வருஷமா அப்பா எங்கயும் வர்றதில்ல. சித்தி மகன் கல்யாணத்துக்கு வரல. பேரன் பள்ளிக்கூட விழாவுக்கு வரல. கேட்டா முட்டி வலி. வீட்டுக்குள்ள என்னமோ நல்லாத்தான் நடக்கிறார். நாங்க கூடிச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா கொஞ்ச நேரம் உம்முன்னு உட்கார்ந்திருப்பார், அப்புறம் எழுந்து ரூமுக்குப் போயிடுவார். இந்த வயசுல நம்ம மேல என்ன வெறுப்போன்னு அம்மா அழுதே இருக்காங்க.

தம்பி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பேசிக்கிட்டிருக்க, நான் நடுவுல புகுந்தேன். "அப்பா, ஹோட்டல்ல சாப்பிடலாமா, இல்ல மலைக்குப் போகலாமா?"

"ஆமா, ஆமா."

"எதுக்கு ஆமா?"

"அதான் சொன்னேனே, முட்டி வலி. நீங்க போயிட்டு வாங்க."

பாத்தீங்களா? இதுதான் பதில்.

தம்பி பொண்டாட்டி தீவோட விதிமுறைகளைப் போன்ல திறந்து அப்பா முன்னால வச்சா. அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெதுவாப் படிச்சார். ஒரு இடத்துல நின்னு, திரும்பவும் படிச்சார்.

"அங்க யாருமே பேச மாட்டாங்களா?"

அவ மாட்டாங்கன்னு தலையாட்டினா.

"அப்ப நான் வரேன்."

முட்டி வலி போன இடம் தெரியல. அம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சு.

"நாற்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். நான் வாயை மூடினாத்தான் கூட வருவாராம்," என்று புடவைத் தலைப்பால மூக்கைத் துடைச்சாங்க.

"ஆமா, ஆமா," என்றார் பக்கத்துல இருந்த அப்பா, சிரிச்ச முகமா.

சண்டை வந்திருக்கும். நல்ல வேளையா தம்பி, "சரி, ஒத்திகை பாத்துடலாம். இப்போலேர்ந்து யாரும் பேசக் கூடாது"ன்னு ஆரம்பிச்சு வச்சான்.

அம்மா ஜாடையில தண்ணி கேட்டாங்க. தம்பி போய் ஃபேனைப் போட்டான். நான் மணி என்னன்னு கேக்க மணிக்கட்டைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் கிளம்பணும்னு நினைச்சுச் செருப்பைத் தேடினார். அப்பா மட்டும் ஒண்ணைக்கூட தப்பு விடல. அம்மா புருவத்தைத் தூக்கின உடனே தண்ணியை எடுத்து நீட்டினார். சிரிப்பை அடக்க முடியாம எல்லாரும் குலுங்கினோம். அப்பாவும் எங்களோட சேர்ந்தே சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

எனக்கு மட்டும் ஆறல. சமையல் ரூம்ல அவளைத் தனியாப் பிடிச்சேன்.

"எங்க வாயை அடைச்சு, எங்க அப்பாவையும் கைக்குள்ள போட்டுக்கிட்டே. சாமர்த்தியம்தான்."

அவ குழாயை மூடினா. கையைத் துடைச்சுக்கிட்டு, கூடத்துல எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவைக் காட்டினா.

"மாமாவைக் கூப்பிடுங்க அண்ணி."

"அப்பா."

அவர் திரும்பல.

"அப்பா." இந்தத் தடவை கொஞ்சம் உரக்க.

அவர் பேப்பர்ல அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் அவ பக்கம் திரும்பினேன். "எப்போலேர்ந்து?"

"ஒரு வருஷமா இருக்கும். வெளியில சொல்ல வெக்கப்படுறார். நாலு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணுமே புரியாது, அதான் ஆமா ஆமான்னு சமாளிக்கிறார்."

பெத்த பொண்ணு நான். கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேனே தவிர, அந்த மனுஷனுக்குக் காதுல விழுதான்னு ஒரு நாளும் பாக்கல.

"அது சரி, போறதுக்கு எத்தனையோ இடம் இருக்கு. இந்தத் தீவை ஏம்மா பிடிச்சே?"

அவ மறுபடி குழாயைத் திறந்தா.

"அங்க மட்டும்தான் அண்ணி, மாமாவுக்குக் கேக்காத பேச்சு நம்ம யாருக்கும் கேக்காது."