நேரில் வர வேண்டாம்

விழுப்புரத்தில் நடந்துவந்த பால் சொசைட்டி ஊழியர் பயிற்சி ஆன்லைனுக்கு மாறியதில் வெனிலாவுக்குப் பரம சந்தோஷம். ஒலக்கூரில் வீட்டுக்குள் டவர் கிடைக்காததால், செல்போனோடு தண்ணீர் டேங்க் அடியில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது. வெனிலா, உங்க மைக்கை அணைங்க," என்றார் பயிற்சியாளர் அமலதாஸ்.

அணைத்தாள்.

"இன்னும் கேக்குதும்மா. பாடம் நடத்தவா, வேணாமா?"

பயந்துபோய் செல்போனையே அணைத்தாள். அப்போதும் அவர் குரல் கணீரென்று கேட்டது.

டேங்கைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். மடியில் லேப்டாப்போடு அமலதாஸ்.

"சார், நீங்க இங்கயா?"

"மாமியார் ஊட்டுக்கு வந்தேம்மா. உள்ள டவரே இல்ல," என்று வழிந்தவர், சட்டென்று விறைப்பானார். "நேர்ல வந்தா அட்டென்டன்ஸ் கெடையாது. ஜல்தியா அந்தப் பக்கம் போய் ஆன்லைன்ல வாங்க."