பன்னிரண்டு பேரின் சம்மதம்

மேட்டுப்பாளையத்தில் பாக்கு உரிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தரையில் தனியாக டெய்சி. குழுத் தலைவி ஜெயக்கொடிதான் கேள்வி கேட்டாள்.

“சொந்த ஊரு எதுங்க?”

“சிங்காநல்லூருங்க. இங்க வாடகை வீடுதான்.”

“இன்னும் எத்தனை வருசம் இங்க இருப்பீங்க?”

“ரெண்டு வருசம் கண்டிப்பா இருப்பேனுங்க.”

“இது கடன் விசயமுங்க. நீங்க பேச்சு மாற மாட்டீங்கன்னு எப்படி நம்பறது?”

“எழுதியே தாரேனுங்க.”

டெய்சி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஜெயக்கொடி சொன்னாள்: “சரிங்க, உங்கள நம்பறோம்.”

டெய்சி நிம்மதியாகப் பையைத் திறந்து, பன்னிரண்டு கடன் விண்ணப்பங்களை எடுத்து அவர்களிடம் நீட்டினாள். ஒரு தனியார் கம்பெனி வட்டியை ஏற்றி ஏமாற்றியதிலிருந்து, கடன் என்றாலே கதவைச் சாத்திக்கொள்ளும் தெரு அது. அங்கே தேடி வந்த முதல் பேங்க் மேனேஜர் டெய்சிதான்.

“இத்தனை கேள்வி கேட்டுப்போட்டோம். தப்பா நெனைக்காதீங்க மேடம்” என்றாள் ஜெயக்கொடி.

“அட, இல்லீங்க. பத்து வருசமா இதையெல்லாம் நான்தான் மத்தவங்களக் கேட்டுட்டு இருந்தேன். பதில் சொல்றப்பத்தான் அந்தப் பயம் தெரியுதுங்க.”