என் பின்னாடி நடந்தவள்

"இன்னும் ஒரு தடவை நின்னே, உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன், அன்னெலீஸ்!"

கத்தினது நான்தான். ஆறு நாள் மலைநடைக்குக் கூட்டிட்டுப் போற வழிகாட்டி, முதல் நாள் மத்தியானமே இப்படிக் கத்தக் கூடாது. அதுவும் என்னைவிட இருபது வயசு மூத்தவகிட்ட. மலையேறிட்டா எங்க ஊர்ல வயசு பார்க்கிறதில்ல, எல்லாருக்கும் எல்லாரும் நீ, வா, போதான். இருந்தாலும் கத்தினது தப்புதான்.

ஆனா அவ நின்னது பதினோராவது தடவை!

முதல்ல ஷூ நாடா. அப்புறம் தண்ணி. அப்புறம் ஒரு மாடு. ஜென்மத்துல மாட்டையே பார்க்காதவ மாதிரி மூணு பக்கம் சுத்தி வந்து போட்டோ எடுத்தா.

"லடினா, இந்த நீலப் பூவுக்கு என்ன பேரு?"

"பத்து நிமிஷம் முன்னாடி கேட்டியே, அதே பேருதான்."

கூட வந்த ஆறு பேர்ல ரேட்டோன்னு ஒரு இன்ஜினீயர். கடிகாரத்தை என் மூக்குக்கு நேரா நீட்டினான். "மூணரைக்குள்ள மேய்ச்சல் குடிசைக்குப் போயிடணும்னு நீதானே சொன்னே?"

சொன்னேன்தான். மலை ஊர்களுக்கு ஓடற தபால் பஸ், கடைசி டிரிப்பு, நாலரைக்கு அங்கே வந்துதான் திரும்பும். அதைத் தாண்டிட்டா மூணு நாளைக்கு ரோடே கிடையாது. அதனால யாரால முடியும், யாரால முடியாதுன்னு அந்த இடத்துல நான் முடிவு பண்ணியாகணும். முடியாதவங்க பஸ் ஏறணும். அதுல தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டேன்.

எனக்கு அவ புருஷன் கஸ்பரை நினைச்சாத்தான் பாவமா இருந்துச்சு. பாசல் நகரத்துல நாப்பது வருஷம் டிராம் ஓட்டி ரிடையர் ஆனவர். இந்தப் பாதையை நடக்கணும்னு பதினஞ்சு வருஷமா மேப்பைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தாராம். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளா வந்து சேர்ந்து, எல்லாரையும் சிரிக்க வச்சார்.

"டிராம்ல கூட இத்தனை ஸ்டாப் கிடையாதுடி!"

"வயசாயிடுச்சு கஸ்பர், என்ன பண்றது?"

"உனக்குத்தான் வயசு. என்னை எதுக்குச் சேர்க்கறே?"

எங்க தொழில்ல ஒரு வழக்கம். யாரு ரொம்ப மெதுவோ, அவங்க வழிகாட்டிக்கு நேர் பின்னாடி நடக்கணும். அவங்க வேகம்தான் மொத்தக் கூட்டத்துக்கும். அன்னெலீஸை என் பின்னாடி நடக்க வச்சேன். அப்பவும் நின்னா!

குடிசைக்குப் போய்ச் சேர்றப்போ மணி நாலு. எல்லாரும் மோரும் சீஸுமா உட்கார்ந்தாங்க. நான் அவளைத் தனியா கூப்பிட்டேன்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நாளைக்கு ஏறப்போறது இதைவிட ரெண்டு மடங்கு. நீ பஸ் ஏறிடு."

அழுவா, சண்டை போடுவான்னு நினைச்சேன். சரின்னு தலையை ஆட்டிட்டு, நேரா புருஷன்கிட்ட போனா.

"கஸ்பர், என்னால முடியலை. நான் திரும்பறேன். நீ போயிட்டு வா."

அவர் வாய்க்குப் போன சீஸ் பாதியில நின்னுடுச்சு. நிமிர்ந்து, மேல பனி மூடின கணவாயை ரொம்ப நேரம் பார்த்தார். அன்னெலீஸ் தன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அவர் முகத்தையே பார்த்துட்டு நின்னா.

ரேட்டோ சும்மா இருப்பானா? "அவ பத்திரமா போயிடுவா. வா கஸ்பர், பதினஞ்சு வருஷக் கனவாச்சே!"

கஸ்பர் எழுந்து பையை மாட்டினார். "நாப்பத்தொரு வருஷம் கூடவே இருந்துட்டு, இப்போ இவளைத் தனியா பஸ்ல அனுப்பவா? போடா! மலை எங்கே ஓடிடப் போகுது?"

இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டியான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

கஸ்பர் பஸ்ல ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டுல உட்கார்ந்து அவனோட பேச ஆரம்பிச்சுட்டார். நாமளாவது ஒரு உதவி பண்ணுவோமேன்னு அன்னெலீஸோட பையைத் தூக்கினேன். தோள்பட்டையே இறங்கிடுச்சு.

"என்ன இது, கல்லா?"

"அவனோட துணி, தண்ணி, ஸ்வெட்டர் எல்லாம் இதுலதான். அவன் பையில ஒரு தலையணையும் ரெண்டு ரொட்டியும்."

இவ்வளவு சுமையோட எனக்கு ஒரு எட்டு பின்னாடி நடந்திருக்கா. மூச்சு வாங்கின சத்தம் ஒரு தடவைகூட எனக்குக் கேக்கலை. அப்பத்தான் உறைச்சுது.

"பிப்ரவரியில அவன் நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. நீ குடுத்த உடல்நலப் படிவத்துல எழுதாம மறைச்சுட்டான்."

"அடிப்பாவி! என் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா, நானே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேனே!"

"அனுப்பியிருப்பே. எல்லார் முன்னாடியும், முடியாதவன்னு. அதோட மனசு உடைஞ்சு படுத்துடுவான்."

டிரைவர் ஹாரன் அடிச்சான். என் கையில இருந்து பையை ஒத்தைக் கையால வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, படியில ஏறினவ திரும்பிச் சொன்னா.

"டாக்டர் சொல்லியும் கேக்கலை, பொண்ணு அழுதும் கேக்கலை. தன் உயிருக்காக அவன் நிக்க மாட்டான், லடினா. எனக்கு முடியலைன்னா நிப்பான்."