மாலுமிக்கு ஒரு தொப்பை

கடற்படைத் தொப்பியோடு சிரிக்கிற இளைஞனின் பழைய படத்தை, ஸ்டூடியோக்காரன் மேசையில் பட்டென்று வைத்தாள் சலவைக்காரம்மா.

"பெரிசு பண்ணணும் தம்பி. சுவத்துல மாட்ட."

"சண்டையில போனவராம்மா?"

"ஆமா. பத்தொன்பது வயசு. குண்டு பட்டுக் கப்பலோட முழுகிட்டான். பொணம்கூடக் கிடைக்கல." சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரலால் படத்தைத் தட்டினாள். "இந்தத் தலையில பாதி முடியை எடுத்துடு. மிச்சத்தை நரைக்க வை. ஒரு தொப்பையும் போடு."

ஸ்டூடியோக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாறுகண்ணை நேராக்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். கறுப்பை வெளுக்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறவனைக் கெடுக்கச் சொல்லி இதுவரை எவரும் வந்ததில்லை.

"தொப்பையா? ராஜா மாதிரி இருக்கானேம்மா!"

"அதான் வினையே. கன்னமும் கொஞ்சம் தொங்கட்டும்."

"பெத்த பிள்ளையை எந்தத் தாயாவது இப்படி அலங்கோலம் பண்ணுவாளா?"

கண்ணில் நீர் வருமளவுக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்தியா, நீயும் சொல்லிட்டே! நான் வயித்துல இருக்கும்போது கப்பலேறின ஆளு. நான் குமரியா இருந்தப்ப, படத்தைப் பாத்தவங்க அண்ணனான்னு கேட்டாங்க. அப்புறம் புருஷனான்னு கேட்டாங்க. இப்ப மகனாங்கிறாங்க. இந்த மூஞ்சியைப் பாத்தா எனக்கே 'வாடா போடா'ன்னுதான் வாயில வருது. நான் சாகறதுக்குள்ள ஒருத்தராவது, 'இவரு உங்க அப்பாவா?'ன்னு கேக்கணும் தம்பி."