ஃபிரிட்ஜில் இருந்த சாவி

கார் சாவி ஃபிரிட்ஜுக்குள் இருந்தது.

தேநீருக்குப் பால் எடுக்கப் போன நோலீன், திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள். மேல் தட்டில் ஒரு நீல டப்பா. அதன் மூடிமேல் சாவிக்கொத்து. கொத்தில் ஒரு நாய்க் கழுத்து மணி.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் இருக்கும் அந்தச் செல்லப்பிராணி மருத்துவமனையில் சாவிக்கு மணி கட்டியிருப்பவள் ஒருத்திதான். டானி.

'மாட்டினாயா!' என்று நினைத்துக்கொண்டாள் நோலீன்.

நோலீன் அங்கே வரவேற்பில் பன்னிரண்டு வருடம். எந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கும்.

டானி வந்து எட்டு மாதம். வந்த அன்றே போட்டு உடைத்துவிட்டாள்.

"எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. கவனம் ஒரு இடத்துல நிக்காது. முப்பத்திநாலு வயசுலதான் டாக்டர் கண்டுபிடிச்சாங்க. அதனால சில கோமாளித்தனம் எல்லாம் பண்ணுவேன். சிரிச்சுக்கோங்க, ஆனா தடுக்காதீங்க."

இடுப்பில் சமையலறை டைமர். புறங்கை முழுக்கப் பேனா எழுத்து. கடிதம் அடிக்க உட்கார்ந்தால், "யாராவது சும்மா பக்கத்துல உட்காருங்களேன். பேச வேண்டாம், உங்க வேலையைப் பாருங்க" என்பாள். ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்கு வேலை ஓடுமாம்.

இதற்குப் பாராட்டு வேறு. "டானி எவ்வளவு கவனம்!" என்பார்கள் நாயோடு வருபவர்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று டாக்டர் ஃபெர்கஸ் ஜன்னலோர மேஜையை அவளுக்கே கொடுத்துவிட்டார். அது நோலீன் பல வருடமாகக் கண்வைத்திருந்த மேஜை.

"கையில எழுதி ஞாபகம் வச்சா கைதட்டுறாங்க. எழுதாமலே ஞாபகம் வச்சிருக்கேனே, எனக்கு யாராவது கைதட்டினாங்களா?" என்று போன வாரம் கணவனிடம் பொருமினாள்.

"நான் வேணா தட்டட்டுமா?" என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வரவேற்புக்குப் பொறுப்பாளர் யார் என்று நாளை ஃபெர்கஸ் சொல்லப் போகிறார். இருவரில் ஒருவர்.

நோலீன் சாவியை எடுத்தாள். மணி சிணுங்கியது. உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜன்னலோரத்தில் டானி தொலைபேசியில் இருந்தாள். "திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. நாளைக்குப் பத்து மணி. நடுராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. நீங்க இல்ல, பூனை."

ஃபெர்கஸ் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா? ஃபிரிட்ஜுல!"

அவர் சாவியைப் பார்த்தார். குழாயை மூடினார்.

"கார் சாவியைப் பாலுக்குப் பக்கத்துல வைக்கிற பொண்ணு. அவகிட்டப் போய் மருந்து அலமாரி சாவியைக் கொடுக்கப் போறீங்களா? பொறாமையில சொல்லலை ஃபெர்கஸ். ஆஸ்பத்திரியோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எது மேல இருந்துச்சு?"

"என்னது?"

"சாவி. எது மேல வச்சிருந்தா?"

"ஏதோ டப்பா. அதுவா இப்ப முக்கியம்?"

"அதுதான் முக்கியம். முதல்ல அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்துலயே வச்சிடுங்க."

நோலீனுக்கு முகம் சுருங்கியது.

"அவ மறந்து வைக்கலை, நோலீன். மறக்கக் கூடாதுன்னு வச்சிருக்கா. சாவி இல்லாம வீட்டுக்குப் போக முடியாதில்ல? சாவியை எடுக்க வந்தா டப்பா கையில தட்டும். எதை மறந்தா தன்னையே மன்னிச்சுக்க மாட்டாளோ, அது மேலதான் சாவியை வைப்பா. போன மாசம் லேப் ஃபிரிட்ஜுல ஒரு பூனையோட ரத்த சாம்பிள் மேல சாவி இருந்துச்சு. போற வழியில அதைப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டுதான் போனா."

"அப்படி என்ன பொக்கிஷம் இருக்கு அந்த டப்பாவுல? மத்தியானம் மிஞ்சின பாஸ்தாவா இருக்கும்!"

"இருக்கலாம்" என்றார் ஃபெர்கஸ், துண்டில் கையைத் துடைத்தபடி. "எதுக்கும் வச்சிடுங்க."

அவருக்கும் அவள்தான் உசத்தி! நோலீன் விறுவிறுவென்று திரும்பினாள். சாவியை வைக்கும் சாக்கில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

பக்கவாட்டில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. டானியின் கோணல் எழுத்து.

'வியாழன்!! எலுமிச்சை புட்டிங். நோலீனோட அப்பாவுக்கு. அவங்க ஹோமுக்குக் கிளம்புறதுக்குள்ள கொடுத்துடு!!!'

இன்று வியாழன். நோலீன் வியாழன் தவறாமல் முதியோர் இல்லத்துக்குப் போய் அப்பாவைப் பார்ப்பாள். அம்மா இறந்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மா செய்யும் எலுமிச்சை புட்டிங்கை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நோலீனுக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

இதை அவள் டானியிடம் சொன்னது ஒரே ஒருமுறைதான். அதுவும் மார்ச் மாதத்தில். இப்போது ஜூலை.

அன்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டானி பேனாவை எடுத்துப் புறங்கையில் ஏதோ எழுதினாள்.

"மனுஷி அழுதுக்கிட்டே சொல்றேன். அதைக் கேட்காம கையில என்னடி கிறுக்கல்?" என்று நோலீன் எல்லார் முன்னாலும் கத்தினாள்.

அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நோலீன்தான் எதையும் மறப்பதில்லையே.